அறுபத்தொரு கடிதங்கள்

அறுபத்தொரு கடிதங்கள் வந்திறங்கின
நேற்றிரவு ஒன்று ஐம்பத்தெட்டுக்கு.
லியபாயா துறைமுகத்தில் காற்று
கிரேன்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரம்,
எங்கள் மருத்துவமனையின் அஞ்சல் வாசலில்
வரிசை கலையாமல்.

அனுப்புநர்: சம்பளப் பிரிவு.
எங்கள் சம்பளப் பிரிவு இரவில் தூங்கும்.
முகவரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
எல் நிற்க வேண்டிய இடத்தில்
ஓர் ஒன்று நின்றது,
அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு
அண்ணன் வேலைக்கே வந்த தம்பி மாதிரி.
செய்தி சுருக்கம்:
விடிவதற்குள் உறுதி செய்யாவிட்டால்
இரவுப்பணிப் படி முப்பத்தெட்டு யூரோ ரத்து.

நாற்பதை வடிகட்டி மறித்தது.
இருபத்தொன்று உள்ளே போயின.
இதுவரை எண்கள்.
எனக்கு எண்கள் பிடிக்கும், முகம் பார்க்காது.

இனி நூல் பிடித்துப் போக வேண்டும்.
அஞ்சல் பதிவில் அடையாள எண்ணை எடு,
இணைப்பின் வாலைப் பிடி,
ப்ராக்சி பதிவுகளில் அதே வாலைத் தேடு:
யார் திறந்தார், யார் தொட்டார்,
தொட்டபின் யார் கையை இழுத்துக்கொண்டார்.

ஏழு பேர் திறந்திருந்தார்கள்.
எலும்பு முறிவு வார்டில் ஒருவர்
நான்கே விநாடியில் அழித்துவிட்டார்.
யாரோ ஒரு சந்தேகப் பிராணி,
உங்களுக்கு ஒரு கேக் கடன்பட்டிருக்கிறேன்.
எக்ஸ்ரே அறையில் ஒரு சொடுக்கு,
பக்கம் விரியும் முன்பே மூடல்.

பிறகு அடித்தளம். சலவைப் பிரிவு.
ஔஸ்மா கல்னிஞா.
இரண்டு பதின்மூன்றுக்குச் சொடுக்கினார்.
இரண்டு இருபத்தொன்பதுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

தூண்டிலைக் கவ்விய மீன்
பதினாறு நிமிடம் யோசிக்குமா?

போர்வை மாற்றப் போயிருப்பார் என்றான் ராய்மொண்ட்ஸ்,
மாலைப்பணி முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டே.
கணக்கை மதியமே பூட்டியாயிற்று, எழுதி முடி.
"காரணம்" என்ற கட்டத்தில்
"பயனரின் கவனக்குறைவு" என்று
அவனே நிரப்பியும் வைத்திருந்தான்.

அவன் போனபின்னும் அந்தப் பதினாறு நிமிடம்
பல்லிடுக்கில் நார் போல உறுத்தியது.
ஒரு பதிவின்மேல் இன்னொன்றை வைத்துப் பார்த்தேன்.
இரண்டு பதினைந்து:
"படி ரத்து உண்மையா", தேடுபெட்டியில்,
இரண்டு எழுத்துப் பிழைகளோடு.
இரண்டு பதினேழு:
மருத்துவமனைத் தொலைபேசிப் பட்டியலைத் திறக்கிறார்.
பிறகு கணினி சும்மா இருக்கிறது.

தொலைபேசிக்கும் ஒரு பதிவு உண்டு.
இந்த வேட்டையில் யாரும் அதைக் கேட்பதில்லை.
கேட்டேன்.

இரண்டு பதினெட்டு. சலவைப் பிரிவிலிருந்து
உள்ளெண் நான்கு நான்கு பூஜ்யம் ஆறுக்கு.
இருபத்தொரு மணியோசை.
இரண்டு இருபத்துநாலு. மறுபடியும்.
ஒன்பது.

நான்கு நான்கு பூஜ்யம் ஆறு
இதோ, என் முழங்கைக்குப் பக்கத்தில்,
சாம்பல் நிறத்தில், வயரை முறுக்கிக்கொண்டு.
நேற்று அந்நேரம் நான்
பின்கதவுக்கு வெளியே நின்று
காற்றிலிருந்து ஒரு தீக்குச்சியைக்
காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.
ஒரு சிகரெட். போதாமல்
இன்னொன்று.

ராய்மொண்ட்ஸின் இரண்டு சொற்களை அழித்தேன்.
அவை போனதும் கட்டம் மிகப் பெரிதாகத் தெரிந்தது.
"பயனர் இருமுறை எங்களை அழைத்தார்.
எடுக்கவில்லை" என்று எழுதினேன்.
எடுக்கவில்லை, சரி. யார்?
தமிழ் அறியாத என் லாத்விய மொழியிலும்
அந்த வாக்கியம் எழுவாய் இல்லாமல்தான் வந்தது.
கர்சரை முன்னால் கொண்டுபோய்
வெல்டா என்று சேர்த்தேன்.

பிறகு கீழே அழைத்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார்.
பின்னால் இயந்திரங்கள் சுற்றும் இரைச்சல்.
"என்னால் ஏதாவது ஆகிவிட்டதா?"

இல்லை என்றேன்.
சொன்ன பிறகு
அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.
எங்கோ ஓர் எழுத்து
இன்னொன்றின் கோட்டைப் போட்டிருந்தது.